தோலும் வீடுபேறும்: பாலாற்றங்கரையில் சில விடுதலைக் கொள்கைகள்

மணிமேகலையின் இருபத்தேழாம் காதைக்குச் 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்று பெயர். வஞ்சி மாநகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பல சமயவாதிகளையும் ஒவ்வொருவராக அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள் மணிமேகலை. எதிலும் மனம் நிறைவுறாமல் பின்னர் காஞ்சிக்குச் சென்று அறவண அடிகளிடம் பௌத்த தருமத்தைக் கேட்கிறாள். சமயங்களை ஒருசேர நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சிக்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இது தலையாயது எனலாம்.

அங்கே ஒப்பீட்டின் கருவி தருக்கம். ஒவ்வொரு வாதியும் தன் தத்துவத்தைச் சொல்கிறான்; கேட்பவள் எடை போடுகிறாள். ஆனால் வீடுபேறு குறித்த கொள்கைகளை எடை போட இன்னொரு வழியும் உண்டு. மக்கள் அன்றாடம் கையில் எடுக்கும் ஒரு பொருளை அச்சமயங்களின் முன் வைத்து, 'இதை என்ன செய்வீர்கள், இதைத் தொட்டவனை என்ன செய்வீர்கள்?' என்று கேட்பது அது. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் பாலாற்றுப் பகுதியில் அப்பொருள் தோல்.

இப்பகுதி தோல் தொழிலுக்கு உரியதானதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆற்றுமணலின் அடியில் எளிதில் கிடைத்த நீர், பதனிடுவதற்கு ஆவாரம் பட்டை, நவாபுகளின் காலம் முதல் இங்கே வேர்கொண்ட முஸ்லிம் வணிகக் குடும்பங்கள், சென்னைத் துறைமுகத்தின் அண்மை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். உப்பிட்ட தோல் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்புக் குழியில் இறங்கி, மயிரும் சவ்வும் நீங்கி, பட்டைச் சாற்றிலோ பின்னாளில் குரோமிலோ பதம்பெற்றுக் கப்பலேறியது. குழியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகள் என்று ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள். செத்த உடலின் பகுதி தோல். ஆகவே அது தீட்டு. அதைத் தொடுபவனும் தீட்டு என்பது ஊர் வழக்கின் தீர்ப்பு. வீடு எல்லா உயிர்க்கும் உரியது என்று சொல்லும் எந்தச் சமயமும் இந்தத் தீர்ப்பின் முன் ஏதேனும் ஒரு விடை சொல்லியே ஆக வேண்டும்.

இவ்வட்டாரத்தின் பழைய விடைகளுள் ஒன்று சமணத்தினுடையது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஆர்மாமலைக் குகையில் மங்கிய சமண ஓவியங்கள் உள்ளன. பொன்னையாற்றுக்கு அருகிலுள்ள வள்ளிமலையில் கங்க மன்னர் காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. சமணத்தில் வினை என்பது உவமையன்று, அது நுண்ணிய பருப்பொருள். உயிரின்மேல் வந்து ஒட்டுவது. புதிய வினை வராமல் அடைப்பதும், வந்து ஒட்டியதை நோன்பால் உதிர்ப்பதுமே வழி. அருள்செய்து கரையேற்றும் கடவுள் அங்கில்லை. தீர்த்தங்கரர் வழியைக் காட்டுவார். நடக்க வேண்டியவன் தானே. பிறப்பை நோக்காமல் முயற்சியை மட்டும் நோக்கும் இக்கொள்கையில் ஓர் உயர்ந்த நேர்மை இருக்கிறது. திருத்தக்கதேவர் சீவகனின் இன்பங்களை எல்லாம் விரித்துரைத்துவிட்டு நூலை 'முத்தி இலம்பக'த்தில் முடிப்பது இந்நேர்மையின் இலக்கிய வடிவம். ஆனால் கொல்லாமையை இத்துணை நுணுக்கமாக வகுத்த அறம் தோலையும் விலக்கியது. இறைச்சி, தோல் முதலியவற்றால் வயிறு வளர்ப்பவனுக்கு முதல் படியே தன் பிழைப்பைத் துறப்பதாக ஆகிவிடுகிறது. கதவு மூடப்படவில்லை என்பது உண்மை. வாசற்படி மிக உயரம் என்பதும் உண்மை.

பௌத்தம் தோலைப் பற்றி நேரடியாகவே பேசியிருக்கிறது. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் தோலுக்கென்றே 'சம்மக்கந்தகம்' என்றொரு பகுதி உண்டு. மென்மையாக வளர்ந்த சோணன் என்னும் துறவி, நடந்து நடந்து தியானம் செய்ததில் பாதம் கிழிந்து குருதி வடிய, மனம் தளர்கிறான். யாழ் நரம்பு மிகவும் முறுகியிருந்தாலும் ஒலிக்காது, மிகவும் தளர்ந்திருந்தாலும் ஒலிக்காது என்று புத்தர் அவனுக்கு உணர்த்துகிறார். பின்னர் ஒற்றைத் தோலாலான செருப்பை அணியத் துறவிகளுக்கு இசைவு தருகிறார். அதே பகுதியில், ஒரு துறவி அழகிய கன்றின் தோலை விரும்பியதால் அக்கன்று கொல்லப்பட்ட செய்தியும் வருகிறது. அதையொட்டி மாட்டுத் தோல் விலக்கப்படுகிறது. தோல் தன்னளவில் தீட்டு என்ற பேச்சே இங்கில்லை. விருப்பம் ஓர் உயிரைக் கொல்லத் தூண்டுகிறதா என்பதே கேள்வி. வேட்கை அவிவதே நிப்பானம் என்று சொல்லும் கொள்கைக்கு இது முற்றிலும் பொருந்தும். கொன்றவன், தின்றவன், பயன்கொண்டவன் ஆகியோருள் வினை யாருக்கு என்ற வழக்கை நீலகேசி ஊன் உண்ணுதலை முன்வைத்துப் பௌத்தரோடு கடுமையாக நடத்துவதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவ்வழக்கின் இன்னொரு கிளைதான் தோல்.

சைவத்தின் விடை நந்தனாரின் கதையில் இருக்கிறது. சேக்கிழார் காட்டும் ஆதனூர் நந்தனார், கோயில் முரசங்களுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தவர். அவர் கொடுத்த தோல் கருவறையின் முன்னே ஒலித்தது. கொடுத்தவர் மதிலுக்கு வெளியே நின்றார். இத்தனைக்கும் சிவபெருமான் புலித்தோலை உடுத்து, யானைத் தோலைப் போர்த்தவர். சைவ சித்தாந்தத்தின்படி ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலம் உயிரைப் பிணித்திருக்கிறது. பதியின் அருளால் பாசம் நீங்கும்போது பசு வீடடைகிறது. மலம் எல்லா உயிர்க்கும் பொது, அருளும் பொது. அப்படியிருக்க, தில்லையில் நந்தனார் மட்டும் தீயில் மூழ்கி, முப்புரிநூல் விளங்கும் முனிவராக எழவேண்டி வந்தது ஏன்? இக்கேள்வியைக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கீர்த்தனைகள் மேலும் கூர்மையாக்கின. சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். அருள் பிறப்பைப் பார்ப்பதில்லை என்பது சித்தாந்தம். உள்ளே வருபவனின் பிறப்பை எரித்துவிட்டு வரச்சொன்னது சமூகம். நந்தனாருக்கு வாய்த்த பெயர் 'திருநாளைப்போவார்' என்பதில்தான் எத்தனை துயரம்! நாளை, நாளை என்று தள்ளிப்போன வீடுபேறு அது.

இஸ்லாத்தின் விடை வேறொரு திசையிலிருந்து வருகிறது. செத்துக்கிடந்த ஓர் ஆட்டைக் கண்ட நபிகள் நாயகம், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதாகவும், உண்பதே விலக்கு என்று விளக்கியதாகவும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இதன் அடிப்படையில் ஹனஃபி, ஷாஃபி சட்டப்பள்ளிகள், பன்றி முதலிய சில விலக்குகள் நீங்கலாக, பதனிடப்பட்ட தோல் தூய்மையடைந்துவிடுகிறது என்று வகுத்தன. பதனிடல் வெறும் தொழிலன்று, அது தூய்மையாக்கும் செயல் என்பது இதன் பொருள். ஊர் வழக்கு எந்த வேலையைத் தீட்டு என்றதோ, அந்த வேலையே தீட்டை நீக்குகிறது! இஸ்லாத்தில் பிறவிப் பாவம் இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதும் இல்லை. நம்பிக்கை, நற்செயல், பாவமன்னிப்புக் கோரல், எல்லாவற்றுக்கும் மேலாக இறைவனின் கருணை ஆகியவையே 'நஜாத்'துக்கு வழி. ஆம்பூரின் பாங்கொலி நாள்தோறும் ஐந்து முறை அழைக்கும் 'ஃபலாஹ்' என்ற சொல், உழவனைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு ஒரே வேரினது. ஈடேற்றம் என்பது உழைத்துப் பெறும் விளைச்சல் போலும்.

தோல் வணிகத்தின் செல்வம் இக்கொள்கையைக் கட்டடங்களாகவும் ஆக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் வேலூரில் நிறுவிய அரபுக் கல்லூரியின் பெயர் 'பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்'. நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்பது அதன் பொருள். செல்வமும் மக்களும் இவ்வுலகின் அணிகலன்களே, நிலைப்பவை நற்செயல்களே என்ற குர்ஆன் கருத்திலிருந்து எடுத்த தொடர். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1924இல் காகா முஹம்மது உமர் ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் நிறுவியது 'ஜாமிஆ தாருஸ்ஸலாம்'. சாந்தியின் இல்லம் எனப் பொருள்படும் அப்பெயரும் குர்ஆனில் சொர்க்கத்துக்கு வழங்குவதே.

கிறிஸ்தவ வேதாகமத்தில் ஒரு தோல் பதனிடுபவர் முக்கியமான இடத்தில் வருகிறார். அப்போஸ்தலர் பணிகளில், யோப்பா பட்டினத்தின் கடற்கரையில் சீமோன் என்னும் தோல் பதனிடுவோன் வீட்டில் பேதுரு பல நாள் தங்குகிறார். அன்றைய யூத சமூகத்திலும் இத்தொழில் இழிவாகவே கருதப்பட்டது. தோல் பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் தள்ளி இருக்கவேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. அந்த வீட்டின் மேல்மாடியில் செபித்துக்கொண்டிருந்தபோதுதான், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லலாகாது என்ற உணர்வைத் தரும் காட்சி பேதுருவுக்குக் கிடைக்கிறது. அதன் பிறகே அவர் யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைகிறார். மீட்பு ஓர் இனத்தின் எல்லையைக் கடந்த அந்தத் தருணம், பதனிடும் தோலின் வாடைக்கு நடுவே நிகழ்ந்தது.

1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிப் பின்னர் ஆம்பூருக்கு வந்த மிசௌரி மிஷன் லுத்தரன் மரபினது. தகுதியால் அன்று, கிருபையால் மட்டுமே இரட்சிப்பு என்பது இருவருக்கும் பொது. முற்பிறவி வினையின் பயன்தான் உன் பிறப்பு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவர்களின் காதில், 'உன் கணக்கில் கடனே இல்லை' என்ற செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இதன் இன்னொரு முகம். 1946இல் அங்கு வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். உணர்விழந்த பாதங்களுக்கு ஏற்ற மென்ரப்பர் செருப்புகளும் அம்முயற்சியில் உருவாயின. தோலின் நோயால் ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தோல் நகரங்களின் நடுவே ஒரு செருப்பு! கிரேக்க விவிலியத்தில் குணமாக்குவதற்கும் இரட்சிப்பதற்கும் ஒரே வினைச்சொல் வருவது தற்செயலன்று.

ஆயினும் எந்தச் சமயமும் ஊர் வழக்கை முழுவதுமாக வென்றுவிடவில்லை. பதனிட்ட தோல் தூய்மையானது. பதனிட்டவன் சேரியிலேயே இருந்தான். தமிழகத் திருச்சபைகள் சிலவற்றில் சாதி தனி வரிசையிட்டு அமர்ந்தது. இந்த இடைவெளியைக் கண்டவர்கள் பழைய விடையொன்றைப் புதிதாக எடுத்தார்கள். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்ற அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம், வட ஆற்காட்டிலிருந்து சென்ற உழைப்பாளிகள் நிறைந்த கோலார் தங்கவயலிலும் கிளைத்தது. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் தழுவியதும் பௌத்தமே. மறுமை விடுதலையை இம்மை விடுதலையிலிருந்து பிரிக்கக்கூடாது என்பது இவ்விருவரின் வாதம். அதை மறுப்பது எளிதன்று.

இவ்வட்டாரத்தின் மெய்யியலாளர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் பிறந்து, வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கனின் ஆதரவில் எழுதிய அப்பய்ய தீட்சிதர் பதினாறாம் நூற்றாண்டினர். அத்வைதக் கிளைக்கொள்கைகளைத் தொகுத்த அவரது 'சித்தாந்தலேச சங்கிரகம்' சர்வமுக்தி என்ற கருத்தை ஆராய்கிறது. எல்லா உயிர்களும் விடுபடும்வரை தனியொரு உயிரின் விடுதலை முற்றுப்பெறுவதில்லை. அதுவரை விடுபட்டவர் ஈசுவர நிலையில் இருப்பார் என்பது அதன் சாரம். தீட்சிதர் தோல் குழியை மனத்தில் கொண்டு இதை எழுதியிருக்க மாட்டார். ஆனால் மேலே கண்ட எல்லா விடைகளையும் அளக்கத்தக்க கோலாக இக்கருத்தை நாம் கொள்ளலாம். வெளியே ஒருவன் நிற்கும்போது உள்ளே இருப்பவனின் வீடு முழுமையானதா?

இக்கேள்வி இன்றைக்கும் உரியது. வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனதாகச் சொன்ன ஆய்வைச் சுட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டின் சட்டமாக்கியது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட பத்துப் பேர் மாண்டனர். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. வினை ஒட்டும் என்று சமணம் சொன்னது. இங்கே அது நிலத்தடி நீரில் ஒட்டியிருக்கிறது.

வள்ளுவர் அறம், பொருள், இன்பம் என்று மூன்று பால் வகுத்தார். வீட்டுக்குத் தனியே ஒரு பால் வைக்கவில்லை. அறத்தை ஒழுங்காகச் செய்தால் வீடு தானே வரும் என்று உரையாசிரியர்கள் அமைதி கூறுவர். பாலாற்றங்கரையில் தோலை முன்வைத்துப் பார்க்கும்போது அந்த அமைதி பொருத்தமாகவே தோன்றுகிறது. நஜாத், இரட்சிப்பு, முத்தி, நிப்பானம் என்று பெயர்கள் பலவாக இருக்கட்டும். குழியில் இறங்குபவனை நாளைப்போவாராகவே வைத்திருக்கும் வரை, அவற்றுள் எதையும் நாம் இன்று அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இயலாது.