பீட்டா தடுப்பிகள்

பீட்டா தடுப்பிகள் என்பன இதயம் துடிக்கும் வேகத்தையும் அது சுருங்கும் விசையையும் குறைக்கும் மருந்துகளின் ஒரு வகுப்பு ஆகும். உயர் குருதியழுத்தம், மாரடைப்பு, இதயத்துக்குக் குருதி போதாமையால் உண்டாகும் மார்பு வலி, இதயச் செயலிழப்பு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றுக்கு இவை வழங்கப்படுகின்றன. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், கைநடுக்கம், தைராய்டு மிகைச்சுரப்பு, கண்ணழுத்த நோய் ஆகியவற்றிலும் இவை பயன்படுகின்றன. புரோப்ரனோலால், அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால், நெபிவோலால் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. பெயர் "லால்" என்று முடிவதைக் கொண்டு மருந்துச் சீட்டில் இவற்றைப் பெரும்பாலும் இனங்காணலாம்.

பலர் இவற்றை ஆண்டுக்கணக்கில் தீங்கின்றி உட்கொள்கின்றனர். ஆயினும் குருதியழுத்த மருந்துகள் பலவற்றில் இல்லாத ஓர் இயல்பு இவற்றுக்கு உண்டு. திடீரென நிறுத்தினால், மருந்தையே தொடங்காதிருந்த நிலையைக் காட்டிலும் மோசமான நிலைக்கு இதயம் சில நாட்களுக்குத் தள்ளப்படலாம்.

செயற்படும் விதம்

அச்சம், சினம், கடும் உழைப்பு ஆகிய வேளைகளில் அட்ரினலின், நோரட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்கள் உடலில் மிகுதியாக வெளிப்படுகின்றன. இவை உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளுடன் பிணைந்து செயற்படுகின்றன. பூட்டுக்குள் நுழைந்து துளையை அடைத்துக்கொண்டு, ஆனால் பூட்டைத் திறக்காத சாவியைப் போலப் பீட்டா தடுப்பி இந்த ஏற்பிகளில் அமர்ந்துகொள்கிறது. அதனால் இதயம் மெதுவாகத் துடிக்கிறது; அதன் உயிர்வளித் தேவை குறைகிறது. குருதியழுத்தத்தை உயர்த்தும் ரெனின் என்ற நொதியைச் சிறுநீரகம் சுரப்பதும் குறைகிறது.

பீட்டா ஏற்பிகளுள் பீட்டா-1 பெரும்பாலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும், பீட்டா-2 மூச்சுக் குழல்களிலும் குருதிக் குழாய்களிலும் காணப்படுகின்றன. புரோப்ரனோலால் இரண்டையும் தடுக்கும். அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால் ஆகியவை பீட்டா-1 ஏற்பியையே முதன்மையாகத் தடுப்பவை. மருந்தின் அளவு கூடும்போது இந்த வேறுபாடு மங்கிவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் அல்குவிஸ்ட் 1948 ஆம் ஆண்டில் ஏற்பிகளை ஆல்பா, பீட்டா என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பல ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த இக்கருத்தை இசுக்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் கையில் எடுத்துக்கொண்டார். மார்பு வலிக்கு இதயத்துக்குச் செல்லும் குருதியைக் கூட்ட வேண்டும் என்று பிறர் முயன்றுகொண்டிருந்த காலத்தில், இதயத்தின் தேவையைக் குறைத்தால் போதுமே என அவர் எண்ணினார். அவர் குழுவின் முதல் மருந்தான புரோனெத்தலால் எலிகளில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனோலால் 1964 ஆம் ஆண்டில் வெளியானது. பிளாக் 1988 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைக் கெர்ட்ரூடு எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

திடீரென நிறுத்துவதன் தீங்கு

ஏற்பிகள் வாரக்கணக்கில் அடைபட்டிருக்கும்போது, குறைந்துபோன தூண்டலை ஈடுசெய்ய உயிரணுக்கள் கூடுதலான ஏற்பிகளை உருவாக்கிக்கொள்கின்றன. மருந்து உடலில் இருக்கும்வரை இதனால் கேடில்லை. மருந்து சட்டென்று நின்றால், வழக்கமான அளவு அட்ரினலினே பெருகிவிட்ட ஏற்பிகளின் வழியாக இதயத்தை மிகையாகத் தூண்டுகிறது. நாடி விரைகிறது, குருதியழுத்தம் ஏறுகிறது. இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு மார்பு வலி, மாரடைப்பு, சில வேளைகளில் இறப்பும் நேரலாம். புரோப்ரனோலால் நிறுத்தப்பட்டபின் இவ்வாறு நேர்ந்தமை 1970களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியது. அமெரிக்காவில் புரோப்ரனோலால், அட்டினோலால், மெட்டோப்ரோலால் ஆகியவற்றின் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையாகவே இது அச்சிடப்பட்டுள்ளது. நிறுத்த வேண்டிய தேவை வந்தால், மருத்துவர் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களில், சிலருக்கு இன்னும் மெதுவாக, அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

வேண்டுமென்றே மருந்தை நிறுத்துவோரைவிட அறியாமல் நிறுத்துவோரையே இங்கு அதிகம் எண்ணிப்பார்க்க வேண்டும். "அழுத்தம் இயல்பாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை" என்ற எண்ணம் ஒரு காரணம்; இயல்பாக இருப்பது மாத்திரையினால்தான் என்பது மறந்துபோகிறது. வெளியூர்ப் பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோவதும், வாந்தியால் மருந்து உடலில் தங்காமற் போவதும் பிற காரணங்கள். இந்தியாவில் அம்லோடிபினும் அட்டினோலாலும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கப்படுகின்றன. கால் வீக்கத்துக்கு அம்லோடிபினே காரணம் என்றெண்ணி அந்த மாத்திரையை விட்டுவிடுபவர், பீட்டா தடுப்பியையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார். உறையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களைப் படிக்கும் பழக்கம் இங்கு உதவும்.

அறுவை மருத்துவத்துக்கு வெறும் வயிற்றுடன் வரச் சொல்லும் நாளிலும் இக்குழப்பம் எழுவதுண்டு. ஏற்கனவே பீட்டா தடுப்பி எடுத்துவருபவர் அன்று காலையும் சிறிதளவு நீருடன் அதை எடுத்துக்கொள்ளுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுவார். இதுபற்றி முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். மாறாக, இதுவரை எடுக்காதவருக்கு அறுவையை ஒட்டி உயர்ந்த அளவில் புதிதாகத் தொடங்குவது தீங்கானது. 8,351 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2008 இல் வெளியான போய்ஸ் ஆய்வில், இவ்வாறு மெட்டோப்ரோலால் பெற்றவர்களிடம் மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மொத்த இறப்பும் கூடின.

ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தல் கூடாது.

இதயச் செயலிழப்பில் பயன்பாடு

வலுவிழந்த இதயத்தை மேலும் மெதுவாக்கும் மருந்து கொல்லும் என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. சுவீடனின் கோத்தன்பர்க்கில் பின் வாக்ஸ்டைன் முதலானோர் 1975 இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. 1999 இல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில், பிசோப்ரோலால் பெற்றவர்களுள் இறந்தோர் 11.8 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 17.3 விழுக்காடு. இன்று பிசோப்ரோலால், கார்வெடிலால், மெதுவாக வெளிப்படும் மெட்டோப்ரோலால் சக்சினேட் ஆகியவை சுருங்கும் திறன் குறைந்த இதயச் செயலிழப்பில் அடிப்படை மருந்துகள் ஆகும்.

பழைய அச்சம் முற்றிலும் பொய்யன்று. தொடக்க அளவு பெரிதானால் நோயாளியின் நிலை மோசமாகும். எனவே உடலில் தேங்கிய நீரை வெளியேற்றியபின், பிசோப்ரோலால் 1.25 மில்லிகிராம் அல்லது கார்வெடிலால் 3.125 மில்லிகிராம் போன்ற மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரங்களுக்குக் குறையாத இடைவெளியில் படிப்படியாக உயர்த்துவர். முதல் வாரங்களில் களைப்பு கூடலாம். பயன் தெரிவதற்கு மாதங்கள் ஆகும் என்பதை முன்பே அறியாதவர், இந்தக் கட்டத்தில்தான் மருந்தைக் கைவிடுகிறார். மூன்று நாட்களுக்குள் எடை இரண்டு கிலோகிராம் கூடினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ மருத்துவரை உடனே அணுக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஆஸ்துமா உள்ளவருக்குப் பீட்டா-2 ஏற்பி அடைபட்டால் மூச்சுக் குழல்கள் சுருங்கிக் கடும் இளைப்பு உண்டாகலாம். அப்போது வழக்கமாக உதவும் சால்பியூட்டமால் உறிஞ்சியும் சரிவரப் பயன் தராது; அது திறக்க முயலும் ஏற்பியைத்தான் இம்மருந்து அடைத்துள்ளது. கண்ணழுத்த நோய்க்கான டைமோலால் சொட்டு மருந்தும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே. கண்ணில் விட்ட துளி கண்ணீர் வடிகுழாய் வழியாக மூக்கை அடைந்து குருதியில் கலப்பதால், அதுவும் இளைப்பையோ நாடிக் குறைவையோ உண்டாக்க வல்லது. சொட்டு விட்டபின் மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தியிருந்தால் இது குறையும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் எனப் பலருக்குத் தோன்றுவதில்லை.

இன்சுலின் எடுக்கும் நீரிழிவு நோயாளருக்குக் குருதியில் சர்க்கரை தாழும்போது படபடப்பும் நடுக்கமும் எச்சரிக்கையாக அமைகின்றன. பீட்டா தடுப்பி இவ்விரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஆகவே காரணமின்றி வியர்த்தால் சர்க்கரையை அளந்து பார்ப்பது நன்று.

வெரப்பமில், டில்டியசெம் ஆகிய மருந்துகளுடன் சேரும்போது இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். குளோனிடினுடன் சேர்த்து எடுப்பவர் இரண்டையும் நிறுத்த நேர்ந்தால், மருத்துவர் பீட்டா தடுப்பியையே முதலில் குறைத்து நிறுத்துவார். இபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் குருதியழுத்தக் குறைப்பை மழுங்கச் செய்யும். மனச்சோர்வுக்கான புளுவாக்செட்டின், பராக்செட்டின் ஆகியன கல்லீரலில் மெட்டோப்ரோலால் சிதைவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டும். அட்டினோலால் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரக நோயில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். கருவுற்ற காலத்தில் அட்டினோலால் கருவின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடியது; அக்காலத்து உயர் குருதியழுத்தத்துக்கு லபெட்டலால் விரும்பப்படுகிறது.

மெட்டோப்ரோலால் இரு உப்புகளாகக் கிடைக்கிறது. டார்ட்ரேட் விரைவாக வெளிப்படுவதால் பொதுவாக நாளுக்கு இரு முறையும், சக்சினேட் மெதுவாக வெளிப்படும் மாத்திரையாக ஒரு முறையும் எடுக்கப்படும். கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடுதல் கூடாது. மெதுவாக வெளிப்படும் மாத்திரையைப் பொடிப்பதும் மெல்லுவதும் ஒரு நாள் மருந்தை ஒரே நேரத்தில் உடலுக்குள் விடுவதற்கு ஒப்பாகும். கார்வெடிலாலை உணவுடன் எடுப்பதால் அது மெதுவாகக் குருதியில் சேர்கிறது. எழுந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்றல் குறைகிறது.

மணிக்கட்டில் பெருவிரலின் பக்கம் நாடியை 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். அது 50க்குக் கீழ் இருந்தாலோ, தலைச்சுற்றல் அல்லது மயக்கம் வந்தாலோ மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். கை கால் குளிர்தல், களைப்பு, தூக்கக் கோளாறு, ஆண்மைக் குறைவு ஆகியன பிற பக்க விளைவுகள். இவற்றைச் சொல்லக் கூசி மாத்திரையைத் தாமே விட்டுவிடுவோர் உள்ளனர். அளவை மாற்றவும் வேறு மருந்துக்கு மாறவும் வழியுண்டு.

எவ்வளவு காலம்

மாரடைப்புக்குப் பின் வாழ்நாள் முழுதும் பீட்டா தடுப்பி என்ற வழக்கம், அடைப்பை உடனே திறக்கும் மருத்துவமுறை பரவுவதற்கு முந்தைய ஆய்வுகளிலிருந்து வந்தது. இதயத்தின் சுருங்கும் திறன் குறையாதவர்களுக்கு இம்மருந்தால் பயன் காணப்படவில்லை என 2024 இல் சுவீடன் தலைமையிலான ரெடியூஸ்-ஏஎம்ஐ ஆய்வு தெரிவித்தது. எசுப்பானியா, இத்தாலி ஆகிய நாடுகளில் நடந்த ரீபூட் ஆய்வும் 2025 இல் இதையொத்த முடிவையே தந்தது. அதே ஆண்டில் நார்வே, டென்மார்க் ஆய்வுகள் இணைந்து வெளியிட்ட முடிவோ ஓரளவு பயன் உண்டு என்றது. ஏற்கனவே எடுத்துவருபவர் நிறுத்தலாமா என்பதை ஆராய்ந்த பிரான்சின் அபிஸ் ஆய்வில் (2024), இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தோர் நிறுத்தியவர்களுள் 23.8 விழுக்காடும் தொடர்ந்தவர்களுள் 21.1 விழுக்காடும் ஆவர். நிறுத்துவது தொடர்வதற்கு ஈடாகப் பாதுகாப்பானது என்பதை அவ்வாய்வால் நிறுவ இயலவில்லை.