சட்டப் புத்தகத்தில் இல்லாத வீடு

1999 ஜனவரி 25, மதியம் ஒன்றேகால் மணி. தென்னமெரிக்காவில் கொலம்பியாவின் காப்பி விளையும் பகுதியில் இருக்கும் அர்மேனியா நகரம் குலுங்கியது. அளவு 6.2 தான், ஆனால் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கம்பி கட்டாத செங்கல் சுவர்களும் பழைய கான்கிரீட் கட்டடங்களும் பொலபொலவென்று சரிந்தன. அதே பகுதியில் பாட்டன் காலத்து மூங்கில் வீடுகள் பல, பூச்சு உதிர்ந்ததோடு நின்றுவிட்டன!

இந்த வீட்டுக்கு அங்கே 'பஹரேக்கே' என்று பெயர். 'குவாதுவா' என்ற பருத்த மூங்கிலால் சட்டம் கட்டி, பிளந்து விரித்த மூங்கிலை இருபுறமும் அறைந்து, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவார்கள். மனிசாலெஸ் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிலநடுக்கங்களில் அடிபட்டு இதற்கு மாறியவர்கள். 1925, 1926 தீ விபத்துகளில் அந்நகரம் எரிந்தபின் கான்கிரீட் வந்தது. மூங்கில் ஏழை வீட்டுச் சமாசாரம் ஆகிப்போனது.

1984-ல் நாட்டின் முதல் நிலநடுக்கக் கட்டட விதி வந்தபோது அதில் மூங்கிலுக்கு இடமில்லை. கையாலேயே நல்ல வீடு கட்டத் தெரிந்தவனின் வீடு விதிக்கு வெளியே போய்விட்டது. அவன் கடன்பட்டுச் செங்கல் வாங்கினான், கம்பிக்குக் காசில்லை. விதி காப்பாற்ற வந்தது யாரை?

1999-க்குப் பிறகுதான் பொறியாளர்கள் பழைய சுவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 2002-ல், மண்ணுக்குப் பதில் சிமெண்ட் பூசிய பஹரேக்கே வீட்டுக்கு இரண்டு மாடிவரை அனுமதி கிடைத்தது. 2010 விதியில் குவாதுவாவே கட்டுமானப் பொருளாக ஏறியது.

வேலை விஷயமும் இதில் அடக்கம். 1989-ல் உலகக் காப்பி ஒப்பந்தம் முறிந்து விலை சரிய, தோட்டக் கூலிகள் திண்டாடினார்கள். குவாதுவாவோ ஒருமுறை நட்டால் போதும். முற்றிய கழிகளை மட்டும் வெட்டினால் புதர் சாகாது. வெட்டுபவன், சுமப்பவன், பூச்சி அரிக்காமல் வெண்காரக் கரைசலில் ஊறவைப்பவன், தச்சன் என்று கூலி அந்த வட்டாரத்திலேயே சுற்றும். ஆனால் அதன் மதிப்பை உயர்த்தியது ஏழை வீடல்ல! கட்டடக் கலைஞர் சிமோன் வேலெஸ், மூங்கில் கணுக்களுக்கிடையே சிமெண்ட் கலவை நிரப்பி வலுவான இணைப்பு செய்து, 2000-ல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் பெரிய மண்டபமே எழுப்பினார். ஜெர்மானியர்கள் நம்பவேண்டும் என்பதற்காக, அதை முதலில் மனிசாலெஸிலேயே கட்டிச் சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது.

1999-ல் விழுந்த மூங்கில் வீடுகளும் உண்டு. பெரும்பாலும் ஈரம் ஏறி அடி உளுத்துப்போனவை, பராமரிப்பு இல்லாதவை. அதனால்தான் இப்போது மூங்கிலை மண்ணில் ஊன்றுவதில்லை. கான்கிரீட் மேடையில் நிறுத்தி, கூரையை அகலமாக இறக்குகிறார்கள்.