கிணற்றில் சேரும் சருகு: நீச்சலுக்கு முன் அகற்றுவது எப்படி? எப்போது உள்ளே இறங்கவே கூடாது?

கோடை லீவு விட்டாச்சுன்னா கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் என்பது விவசாயக் கிணறுதான். கல்வராயன் மலையில் பெரியார் அருவி, மேகம் அருவி, அடிவாரத்தில் கோமுகி அணை என இருந்தாலும், இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழகுவது கிணற்றில்தான். கிணற்று மேட்டில் நிற்கும் வேம்பும் புங்கனும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். அதாவது, சரியாக லீவுக்கு முன்பு.

இலை விழுந்தால் என்ன?

மிதக்கும் இலை சில நாளில் ஊறி அடியில் உட்கார்ந்துவிடும். அது அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் குறையும். சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கூடவே மீத்தேன், கார்பன் டை ஆக்சைடும் உருவாகும். ஃபுட்வால்வு சல்லடையில் சருகு அடைச்சு மோட்டார் தண்ணி எடுக்காம போறது விவசாயிக்குத் தனித் தலைவலி.

எப்படி அள்ளுவது?

மிதக்கும்போதே அள்ளிடணும். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீளமான மூங்கில் கழியில் கொசுவலை கட்டி, மேலே நின்றபடியே அரித்து எடுக்கலாம். காற்று இலைகளை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் காலை நேரத்தில் வேலை சீக்கிரம் முடியும். மூழ்கிய கிளைகளுக்குப் பாதாளக் கரண்டி போதும். கிணற்று வாயில் வலை விரித்தால் பாதி வேலை மிச்சம்.

இறங்கினால் என்ன ஆபத்து?

பாழடைந்த கிணற்றில் தூர்வார இறங்கிச் சேற்றைக் கிளறினால், அடைபட்ட வாயு மொத்தமாக வெளியேறும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். 'நாத்தம் போயிடுச்சு'ன்னு நம்பி இறங்குவது உயிருக்கே ஆபத்து. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் ஆக்ஸிஜன் குறைவை மட்டுமே காட்டும், மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். டீசல் இன்ஜினை உள்ளே இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். ஒருவர் மயங்கினால், காப்பாற்ற இன்னொருவர் இறங்கக் கூடாது. உடனே 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

சருகை எடுக்காமல் பவுடர் போட்டால் வீண், குளோரினை இலையே தின்றுவிடும். குடிநீர்க் கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. 4 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 37,700 லிட்டர்; 94 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, 1 மணி நேரம் விட வேண்டும்.

2024-ல் கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா தொற்றால் சிறுவர்கள் இறந்ததை அடுத்து, தமிழக சுகாதாரத்துறையும் நீர்நிலைகளைச் சுத்தமாக வைக்க அறிவுறுத்தியது. இந்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும். கலங்கிய, வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளைகளை 'டைவ்' அடிக்க விடாதீங்க.