லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களும் ஜிம்மி பேஜும்

1960களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பாப் இசைத்தட்டுகளின் விற்பனை பெருகியபோது, அவற்றில் ஒலித்த கிட்டார்களுள் பல, உறையில் பெயர் அச்சாகாத 'செஷன்' கலைஞர்களின் கைவண்ணமாக இருந்தன. எந்தக் குழுவையும் சாராமல், அழைத்த கூடத்துக்குச் சென்று, முன்பின் கேட்டிராத பாடலுக்கு உடனடியாக வாசித்துத் தருவதே இவர்களின் தொழில். ஒரு செஷன் என்பது பொதுவாக மூன்று மணி நேரம். கூடத்தின் வாடகையும் கலைஞரின் ஊதியமும் நேரத்தைக் கொண்டே கணக்கிடப்பட்டதால், பிழையின்றி விரைந்து வாசிப்பவருக்கே மறு அழைப்பு கிடைத்தது.

நடன இசைக்குழுக்களில் பழகிய மூத்த கிட்டார் கலைஞர்கள் இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடியவர்களாயினும், ராக் அண்ட் ரோலின் புதிய பாணி அவர்களுக்கு எளிதில் கைவரவில்லை. அதில் ஊறிய இளைஞர்கள் பலருக்கோ குறிப்பு படிக்கத் தெரியாது. 1944இல் பிறந்து, சர்ரே பகுதியின் எப்சம் நகரில் வளர்ந்த ஜிம்மி பேஜ் இந்த இடைவெளியில்தான் நுழைந்தார். நீல் கிறிஸ்டியனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்ததில் உடல்நலம் குன்றி, ஓவியக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1963 முதல் ஒலிப்பதிவுகளுக்குத் தொடர்ந்து அழைக்கப்பட்டார். குறிப்பு படிப்பதையும் வேலையினூடே கற்றுக்கொண்டார். ஏற்கெனவே புகழ் பெற்றிருந்த ஜிம் சல்லிவன் 'பெரிய ஜிம்' என்றழைக்கப்பட, பேஜ் 'சின்ன ஜிம்' ஆனார். ஷெர்லி பாஸி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' பாடலின் பதிவிலும், தி ஹூ குழுவின் 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்' பதிவிலும் அவர் பங்குபெற்றார்.

ஒலிப்பதிவின் நுட்பங்களை அவர் அங்கேயே பயின்றார். டிரம்ஸுக்கு மிக அருகில் மைக்கை வைத்தால் அடி மட்டும் பதிந்து, அறையில் பரவும் கார்வை பதியாமல் போவதை உணர்ந்திருந்ததால், பின்னாளில் தம் பதிவுகளில் தொலைவிலும் மைக் வைக்கச் செய்தார். கிட்டாரை வில்லால் வாசிக்கும் முறையும், ஒரு பதிவில் உடனிருந்த வயலின் கலைஞர் சொன்ன யோசனையிலிருந்து வந்ததாக அவரே கூறியிருக்கிறார். வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை நன்கு வளைந்திருப்பதால் வில்லால் ஒவ்வொரு தந்தியாகத் தொட முடிகிறது. கிட்டாரின் தந்திகளோ ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதால், வில் பல தந்திகளை ஒருங்கே உரசி அடர்ந்த முழக்கத்தை எழுப்புகிறது.

1965இல் எரிக் கிளாப்டன் விலகியபின் யார்ட்பேர்ட்ஸ் குழுவிலிருந்து வந்த அழைப்பை ஏற்காமல், தம் நண்பர் ஜெஃப் பெக்கைப் பரிந்துரைத்த பேஜ், கடைகளில் ஒலிக்கும் பின்னணி இசைக்கெல்லாம் வாசிக்க நேர்ந்த நிலையில் சலிப்புற்று, 1966இல் அதே குழுவில் முதலில் பேஸ் கிட்டார் வாசிப்பவராகச் சேர்ந்தார். 1968இல் அக்குழு கலைந்ததும், செஷன்களில் பழகிய ஜான் பால் ஜோன்ஸ், பாடகர் ராபர்ட் பிளான்ட், டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் ஆகியோருடன் லெட் செப்பலின் குழுவை அமைத்தார். பேஜ் தயாரித்த முதல் தொகுப்பு, ஒலிம்பிக் கூடத்தில் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் பதிவாகி, 1969 ஜனவரியில் வெளியாயிற்று. அந்த வேகத்துக்கு மேடையில் பழகிய பாடல்கள் ஒரு காரணமென்றால், மூன்று மணி நேரக் கெடுவுக்குள் வேலையை முடித்துப் பழகிய இரு செஷன் கலைஞர்களின் தொழில் ஒழுங்கு மற்றொரு காரணம். ஆகவே ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர், மேடையேறிய குழுக்களுக்குத் தரும் இடத்தை, பெயரின்றி உழைத்த அந்தக் கூடக் கலைஞர்களுக்கும் தருதல் கடமையாகும்.