ஒரு டீயும் நாலு நாள் ஐசியூவும்



போன மாதம் என் தங்கை மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அன்று காலை ஒரு டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டிருக்கிறான். மயக்க டாக்டர் கேட்டதற்கு, "எதுவும் சாப்பிடலீங்க" என்று சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், இன்னும் ஒரு நாள் கூலி போகும் என்ற பயம். மயக்கம் கொடுத்ததும் வயிற்றில் இருந்தது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் வீடு திரும்ப வேண்டியவன் நாலு நாள் ஐசியூவில் கிடந்தான். அன்று அடுத்தடுத்து இருந்த ஆபரேஷன்களும் தள்ளிப்போயின. அவர்களும் லீவு போட்டு வந்தவர்கள்தானே!

வெளியே உட்கார்ந்திருந்தேன். வரலாற்று வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பழைய கதைகள் நினைவுக்கு வந்தன.

1848இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகத்தை எடுக்கக் குளோரோபாரம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். இப்படிச் சாகிறவர்களுக்கு முதலில் நிற்பது இதயமா, மூச்சா? இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. அதைத் தீர்க்க முயன்றது நம் ஐதராபாத். 1888இலும் 1889இலும் டாக்டர் எட்வர்ட் லாரி, நிஜாமின் பணத்தில் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற நிபுணரே வந்தார். "முதலில் நிற்பது மூச்சுதான், அதைக் கவனியுங்கள்" என்றது முடிவு. அது பாதி உண்மை. நேராக இதயமும் நின்றுவிடலாம் என்று 1911இல் லெவி காட்டினார்.

வயிற்றின் பக்கம் எல்லோரையும் திரும்ப வைத்தவர் நியூயார்க் டாக்டர் மெண்டல்சன். 1946இல் அவர் எழுதிய கட்டுரையில் 44,016 பிரசவங்களின் கணக்கு இருக்கிறது. அதில் 66 பெண்களுக்கு, மயக்கத்தில் இருந்தபோது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் வேலை செய்யாது. அதனால் தடுக்க வழியில்லை. வெறும் வயிறு என்ற கட்டுப்பாடு இறுகியது இப்படித்தான்.

பையன் தேறிவிட்டான். ஆனால் இன்னும் முழு ஷிப்ட் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் கூலிக்குப் பயந்து ஒரு மாதச் சம்பளம் போனது.

கண்ணுகளா, பால் கலந்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். தெரியாமல் குடித்துவிட்டால் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.