எந்த ஆன்னி மூர்? (ஐரிஷ் பாட்டிகளும் பழைய போட்டோக்களும்)

சிலருக்கு சுடோகு, சிலருக்கு குறுக்கெழுத்து. எனக்கு கொஞ்ச நாளா பிடிச்சிருக்கிற கிறுக்கு, அடுத்தவங்க வம்சாவளி. அதுலயும் ஐரிஷ்காரங்க வம்சாவளி. நமக்கும் அவங்களுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணும் கிடையாது. குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கு அயர்லாந்து மாதிரி தண்ணி காட்டுற ஊர் கம்மின்னு எங்கேயோ படிச்சேன். ஏன்னு தோண்டப் போய் ராத்தூக்கம் போனதுதான் மிச்சம் :-)

முதல் காரணம் நெருப்பு. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் என்று ஒரு நீதிமன்ற வளாகம். நாட்டின் ஆவணக் காப்பகமும் அதே வளாகத்தில்தான் இருந்தது. 1922 ஏப்ரலில், பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்காத படையினர் அந்த வளாகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூன் 28-ல் புது அரசாங்கத்தின் ராணுவம் பீரங்கியால் சுட ஆரம்பித்தது. 30-ஆம் தேதி உள்ளே இருந்த வெடிபொருள் வெடித்து, சுமார் 700 வருஷக் காகிதம் சாம்பலாகி டப்ளின் வானத்தில் பறந்தது. 1821, 1831, 1841, 1851 மக்கள்தொகைக் கணக்குகள் சில துண்டு துணுக்கு தவிர எல்லாம் போச்சு. அயர்லாந்து சர்ச்சின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் போச்சு.

ஆனா எல்லாப் பழியையும் நெருப்பு மேலயே போட முடியாது. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே எடுத்த கொஞ்ச காலத்தில் அழித்துவிட்டது. 1881-ம் 1891-ம் முதல் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது கூழாக்கப்பட்டன. ஆக, முழுசா மிஞ்சினதில் பழசு 1901. அடுத்தது 1911. இதை வேற எந்தக் காலத்தில் இழந்திருந்தாலும் பரவாயில்லை. 1841-ல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1851-ல் 65 லட்சம் சொச்சமா குறைஞ்சது, உருளைக்கிழங்குப் பஞ்சத்தால. சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சத்துக்கும் மேல கப்பலேறினாங்க. யார் வீட்டில் யார் இருந்தாங்க, யார் இல்லாமப் போனாங்கன்னு ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ரெண்டு கணக்கும்தான் எரிஞ்சது.

சரி, அப்புறம் எப்படித்தான் தேடுறாங்க? சுத்தி வளைச்சுத்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த அரசாங்கம் பெரும்பாலானதை இணையத்தில் இலவசமாவே கொடுத்திருக்கு.

1901, 1911 கணக்குகளை தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படமாவே பார்க்கலாம். 1911 படிவத்தில், கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போ இருக்கிறது எத்தனை என்று கேள்விகள். '9' என்று எழுதி பக்கத்துக் கட்டத்தில் '5' என்று எழுதியிருந்தால் ஒரு வீட்டின் துக்கம் ரெண்டே எண்ணில் முடிஞ்சிடுது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு எல்லாருக்கும் 1864-ல்தான் ஆரம்பம். அதுக்கு முன்னாடி வேணும்னா கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். கோயில்களிலேயே இருந்ததால் நெருப்புக்குத் தப்பின. தேசிய நூலகம் 2015-ல் அவற்றை இணையத்தில் ஏற்றியது. பாதிரியார் பல இடத்தில் லத்தீனில் எழுதியிருப்பார். ஜேம்ஸைத் தேடினால் ஜேகோபஸ் கிடைப்பார், வில்லியம் குலியெல்முஸ் ஆகியிருப்பார்.

இன்னொன்று கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை, எந்த நிலத்தில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், நிலச் சொந்தக்காரர் யார், வரி போட மதிப்பு எவ்வளவு என்று நாடு முழுக்க எழுதினாங்க. வரி வாங்குறதுக்காக எழுதின நோட்டு, இன்னிக்கு மக்கள்தொகைக் கணக்குக்குப் பதிலா உதவுது. குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும். பெண்டாட்டி பிள்ளைகள் இருக்காது.

இதுல பெரிய தலைவலி, பேர். மூத்த மகனுக்கு அப்பாவோட அப்பா பேர், ரெண்டாவது மகனுக்கு அம்மாவோட அப்பா பேர். இது அவங்க வழக்கம். நம்ம 'பேரன்' என்ற சொல்லே பெயரன்தானே, நமக்கு விளக்க வேண்டியதில்லை. அஞ்சு அண்ணன் தம்பிகளுக்குக் கல்யாணம் ஆனா, அடுத்த தலைமுறையில் ஒரே ஊரில் அஞ்சு பேட்ரிக்.

அங்கேதான் போட்டோ வருது. கப்பலேறுற முந்தின ராத்திரி சாவு வீட்டில் கண் விழிக்கிற மாதிரியே ஊர் கூடி விழிச்சிருந்து அனுப்புவாங்களாம். அதுக்குப் பேரே அமெரிக்க வேக். போனவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு தெரியும். அப்புறம் வர்றது கடிதம், பணம், ஒரு போட்டோ, அவ்வளவுதான். பின்னாடி பேர் எழுதியிருக்காது. அம்மாவுக்கு யாருன்னு தெரியுமே, எதுக்கு எழுதணும்?

பேர் இல்லாத போட்டோவுக்கும் துப்பு உண்டு. விசிட்டிங் கார்டு சைஸ் அட்டையில் ஒட்டினது 1860-களில் கொடிகட்டிப் பறந்தது. அதைவிடப் பெரிய கேபினெட் அட்டை அதுக்கப்புறம் வந்தது. தோள்பட்டையில் பலூன் மாதிரி உப்பின கை வைத்த ரவிக்கை என்றால் 1890-களின் நடு. அமெரிக்காவில் எடுத்த படத்தின் பின்னால் வரி ஸ்டாம்ப் இருந்தால் ஜாக்பாட். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் போட்ட அந்த வரி 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்ட் வரைக்கும்தான் இருந்தது. ஸ்டுடியோ முகவரியைப் பழைய தெரு டைரக்டரிகளில் தேடினால் கடை எந்தெந்த வருஷம் அங்கே இருந்தது என்று பிடிக்கலாம். முகஜாடையை மட்டும் நம்பவே கூடாது. தாத்தா மூக்குன்னு நினைச்சா எல்லார் முகத்திலும் தாத்தா மூக்கு தெரியும்.

இப்படி நினைச்சதையே பார்க்கிறதுக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஆன்னி மூர். 1892 ஜனவரி 1, நியூயார்க்கில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்த நாள். முதல் ஆளாப் பதிவானவள் கார்க் பகுதியிலிருந்து நெவாடா என்ற கப்பலில் வந்த ஆன்னி மூர். கூட ரெண்டு தம்பிகள், அந்தோணி, ஃபிலிப். அப்பா அம்மா ஏற்கெனவே நியூயார்க்கில். அதிகாரி ஒரு பத்து டாலர் தங்கக் காசு கொடுத்தார். அன்னிக்கு அவளுக்கு 15-ஆவது பிறந்தநாள் என்று பத்திரிகைகள் எழுதின. நிஜத்தில் வயசு 17.

அப்புறம் அவள் என்ன ஆனாள்? மேற்கே டெக்சாஸ் போனாள், பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டாள், 1923-ல் விபத்தில் செத்தாள் என்று ஒரு கதை. பல வருஷம் எல்லாரும் நம்பினார்கள். டெக்சாஸ் குடும்பத்தாரை விழாக்களுக்கெல்லாம் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். அவங்களும் பொய் சொல்லல, வீட்டில் சொன்னதை நம்பினாங்க. மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஒரு ஆவணப்படத்துக்காகக் காகிதங்களைப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. டெக்சாஸ் ஆன்னி பிறந்தது இல்லினாய் மாநிலத்தில்! கப்பலேறவே இல்லை.

அப்போ நிஜ ஆன்னி எங்கே? 2006-ல் ஸ்மோலென்யாக் இணையத்தில் 1000 டாலர் பரிசு அறிவித்தார். ஆறு வாரத்தில் விடை. நியூயார்க் நகர ஆவணத்துறை ஆணையர் பிரையன் ஆண்டர்சன் தம்பி ஃபிலிப்போட குடியுரிமைக் காகிதத்தைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு போனால், ஆன்னி எங்கேயும் போகவே இல்லை. இறங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே, நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்திருக்கிறாள். ஜெர்மானிய வம்சாவளி ஜோசப் ஷேயரைக் கட்டிக்கொண்டு 11 பிள்ளைகள் பெற்றாள். பெரியவங்களானது 5 பேர். 1924-ல் இறந்து, குவீன்ஸ் பகுதியின் கால்வரி கல்லறையில் பேர்கூட இல்லாமல் புதைக்கப்பட்டாள். 2008-ல்தான் ஐரிஷ் சுண்ணாம்புக்கல்லில் ஒரு கல்லறைக் கல் வந்தது.

கடல் ரெண்டு பக்கமும் சிலை வைத்த பெண்ணின் தலைமாட்டில் 84 வருஷம் ஒரு கல் இல்லை. டெக்சாஸ் கதை ஏன் ஒட்டிக்கிச்சுன்னு யோசிச்சா, அது எல்லாருக்கும் பிடிச்ச கதை. ஏழைப்பெண் மேற்கே போய் உயர்ந்தாள். நிஜக்கதையில் உயர்வு எதுவும் இல்ல. நாலு தெருவுக்குள்ள ஓடி முடிஞ்ச வாழ்க்கை. கப்பலேறின லட்சக்கணக்கான பேரோட கதையும் ஏறக்குறைய அதுதான். சிலை அந்த வாழ்க்கைக்குத்தான் பொருத்தம்னு எனக்குத் தோணுது.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். உங்க வீட்டு ஆல்பத்தில் பேர் சொல்லத் தெரிஞ்ச கடைசி ஆள் இன்னும் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, படத்துக்குப் பின்னாடி பென்சிலால மெதுவா எழுதிடுங்க. பேனா வேணாம், மை ஊறி முன்பக்கம் வந்துடும்.

கொசுறு: 1909 ஜனவரியில் 70 வயசானவங்களுக்கு பென்ஷன் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அயர்லாந்துக் கிழவர்கள் கையில் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1839 ஜனவரியில் அடிச்ச பெரும்புயல் ஞாபகம் இருக்கான்னு அதிகாரிகள் கேட்பாங்களாம். கேட்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுச்சு! 1901-க்கும் 1911-க்கும் நடுவில் பல பேருக்கு வயசு பத்துக்கு மேல ஏறியிருக்கு. ஆனா, வயசை நிரூபிக்க 1841, 1851 கணக்குகளைத் தேடச் சொல்லி அப்போ கொடுத்த விண்ணப்பங்கள் தப்பிச்சிருக்கு. அதிகாரி பார்த்துக் குறிச்சு வெச்ச அந்தச் சில வரிகள்தான் எரிஞ்சுபோன கணக்கில் பல குடும்பங்களுக்கு மிஞ்சினது. பென்ஷன் கேட்ட கிழவர்கள் வாழ்க!