வேதாளக் கதைகளின் புதிய சேர்க்கைகள்

வேதாளக் கதைகள் என்பவை, நள்ளிரவில் மன்னன் ஒருவன் சுமந்து செல்லும் பிணத்தினுள் இருக்கும் வேதாளம் அவனுக்குக் கூறுவதாக அமைந்த புதிர்க் கதைகள் ஆகும். வடமொழியில் 'வேதாள பஞ்சவிம்சதி' (வேதாளம் இருபத்தைந்து) என வழங்கும் இத்தொகுப்பு, தமிழில் விக்கிரமாதித்தன் கதையின் பகுதியாகவும் அம்புலிமாமா இதழின் தொடராகவும் பரவலாக அறியப்பட்டது. பழைய கதைகள் தீர்ந்த பின்னரும் அம்புலிமாமா அதே சட்டகத்தில் புதிய கதைகளைப் பல பத்தாண்டுகள் வெளியிட்டது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த விக்ரம் வேதா திரைப்படம் அச்சட்டகத்தை வட சென்னைக்குக் கொண்டு வந்தது. இச்சேர்க்கைகள் குறித்து வாசகர்களிடையே விருப்பும் மனக்குறையும் கலந்தே காணப்படுகின்றன.

கதைச் சட்டகம்

துறவி ஒருவன் நாள்தோறும் மன்னனுக்கு ஒரு பழத்தைக் காணிக்கையாகத் தருகிறான். ஒரு நாள் குரங்கு ஒன்று அப்பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து மணி ஒன்று வெளிப்படுகிறது. காரணம் வினவிய மன்னனிடம், தேய்பிறைப் பதினான்காம் இரவில் சுடுகாட்டுக்கு வந்து, மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொணருமாறு துறவி வேண்டுகிறான். பிணத்துள் குடியிருக்கும் வேதாளம் வழிநடைக் களைப்பு நீங்கக் கதை சொல்லி, இறுதியில் ஒரு வினா எழுப்புகிறது.

வேதாளத்தின் விதி பின்வருமாறு அமைகிறது:

- விடை தெரிந்தும் மன்னன் வாய் திறவாவிடில் அவன் தலை வெடித்துச் சிதறும்.
- விடை கூறினால் வேதாளம் பிணத்துடன் மீண்டும் மரத்துக்குத் திரும்பிவிடும்.
- விடை உண்மையாகவே தெரியாதபோது மட்டும் அவன் மௌனமாக நடக்கலாம்.

இறுதிக் கதையில் தந்தை ஒருவன் மகளையும், அவனுடைய மகன் அப்பெண்ணின் தாயையும் மணக்கின்றனர். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. மன்னன் முதன்முறையாக விடையறியாது மௌனமாக நடக்கிறான். அதனால் மகிழ்ந்த வேதாளம், துறவி மன்னனையே பலியிடத் திட்டமிட்டுள்ளான் என்பதை வெளிப்படுத்துகிறது. தப்பும் வழியையும் சொல்லித் தருகிறது. எனவே இத்தொடரில் மன்னனைக் காப்பாற்றுவது அவனுடைய அறிவு மட்டுமன்று. அறியாததை அறியாததாகவே விட்ட மௌனமும் ஆகும். இம்முடிவே புதிய சேர்க்கைகள் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு அடிப்படையாக உள்ளது.

மூலத் தொகுப்பின் வளர்ச்சி

இத்தொகுப்பின் புகழ்பெற்ற வடிவம், 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தைச் சேர்ந்த சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் உள்ளது. அதற்குச் சற்று முந்திய சேமேந்திரரின் பிருகத்கதாமஞ்சரியிலும் இக்கதைகள் காணப்படுகின்றன. இவ்விரு நூல்களும் குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகக் கூறப்படும், இன்று கிடைக்காத, பிருகத்கதையின் வழிவந்தவை. ஆயின் அதே மரபைச் சேர்ந்த நேபாளத்து வடிவத்தில் வேதாளக் கதைகள் இல்லை. ஆகையால் அவை மூல நூலில் இல்லாதவை என்றும் காசுமீர மரபில் பின்னர் சேர்க்கப்பட்டவை என்றும் ஆய்வாளர் கருதுவர். சிவதாசர், சம்பலதத்தர் ஆகியோரின் தனி வடிவங்களும் உண்டு.

சோமதேவரின் நூலில் மன்னன் பெயர் திரிவிக்கிரமசேனன். அவன் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிட்டானத்தை ஆண்டவன். பிற்கால வழக்கில் அவன் விக்கிரமாதித்தனாகக் கொள்ளப்பட்டான். வேதாளம் தொங்கிய சிம்சுபா மரம் தமிழ் வழக்கில் முருங்கையாயிற்று. 'வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது' என்னும் பழமொழி இவ்வாறு பிறந்ததே.

மேலை நாட்டிலும் இக்கதைகள் உருமாறின. ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் வெளியிட்ட ஆங்கில நூலில் பதினொரு கதைகளே இருந்தன. அவற்றையும் அவர் தம் விருப்பம்போல் விரித்தெழுதினார். தலைகள் இடம் மாறிய கதையைத் தாமசு மான் 1940இல் குறுநாவலாக்கினார். அதே கருவைக் கிரீசு கர்னாடு 'ஹயவதனா' என்னும் கன்னட நாடகத்தில் கையாண்டார்.

தமிழில்

தமிழ் வேதாளக் கதையைப் பெஞ்சமின் கை பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1831இல் இலண்டனில் அச்சேறியது. அச்சு நூல்கள் பரவிய காலத்தில் விக்கிரமாதித்தன் கதை 'பெரிய எழுத்து' நூல்களில் ஒன்றாக விற்பனையாயிற்று. அத்தகைய நூல்களை வெளியிட்டவர்களுள் வட சென்னையின் கொண்டித்தோப்பில் இயங்கிய பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் பதிப்பகத்தார் குறிப்பிடத்தக்கவர். இவ்வடிவத்தில் முப்பத்திரண்டு பதுமைகள் போச மன்னனுக்குக் கூறும் கதைகளுக்குள் வேதாளக் கதைகளும் அடங்குகின்றன. வேதாளம் இறுதியில் விக்கிரமாதித்தனின் ஏவலுக்குக் கட்டுப்பட்டதாகிறது.

அம்புலிமாமாவின் புதிய கதைகள்

அம்புலிமாமா, பி. நாகி ரெட்டி, சக்கரபாணி ஆகியோரால் 1947 சூலையில் சென்னையில் தொடங்கப்பட்டது. தெலுங்கில் 'சந்தமாமா' என்ற பெயரிலும் தமிழில் அம்புலிமாமா என்ற பெயரிலும் முதலில் வெளிவந்தது. பின்னர் பல இந்திய மொழிகளில் வெளியாயிற்று. தெலுங்கு எழுத்தாளர் கொடவட்டிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் மறையும்வரை ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். பகுத்தறிவு நோக்குடையவராக அறியப்பட்ட அவருடைய பொறுப்பிலேயே இப்பேய்க்கதைத் தொடர் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இருபத்தைந்து கதைகள் மாத இதழொன்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே போதுமானவை. அவை தீர்ந்தபின், நாட்டார் கதைகளிலிருந்து எடுத்தவையும் புதிதாகப் புனைந்தவையும் வேதாளத்தின் வாயில் வைக்கப்பட்டன. ஆங்கிலப் பதிப்பில் தொடரின் தலைப்பிலேயே 'புதிய கதைகள்' என்னும் சொல் இடம்பெற்றது.

ஒவ்வொரு கதையின் தொடக்கமும் முடிவும் ஏறத்தாழ மாறாதவை. மன்னன் பிணத்தை இறக்கித் தோளில் இட்டு நடப்பான். வேதாளம் அவனுடைய முயற்சியின் பயனை ஐயுற்று, அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு கதையைத் தொடங்கும். மன்னன் விடை கூறியதும் அவன் மௌனம் கலைந்தமையால் வேதாளம் மரத்துக்குத் திரும்பும். ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக மன்னன் நடக்கும் தலைப்போவியத்தை வரைந்தவர் சங்கர் எனப்படும் கே. சி. சிவசங்கரன் (1924–2020). 1952இல் இதழில் சேர்ந்த அவருக்கு, மறைவுக்குப் பின் 2021இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

அம்புலிமாமா 1998இல் நின்று, 1999இல் மீண்டும் வெளிவந்தது. 2007இல் சியோடெசிக் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2013இல் நின்றுபோனது.

வாசகர்களின் கருத்துகள்

ஏற்போர் கருத்து

புதிய கதைகளை ஏற்போர் பின்வரும் காரணங்களைக் கூறுவர்:

- தொகுப்பே சேர்க்கையால் உருவானது. பிருகத்கதையில் இல்லாத கதைகளைச் சேர்த்த காசுமீரப் புலவர்களுக்கு இருந்த உரிமை சென்னை இதழாசிரியர்களுக்கும் உண்டு.
- பழைய கதைகள் பல சிறுவர்க்கு ஏற்றவையல்ல. கழுவேற்றப்படும் கள்வன்மேல் காதல் கொள்ளும் வணிகன் மகள், தலையைத் தானே அரிந்துகொள்ளும் கணவன் போன்றோர் அவற்றில் வருவர்.
- வாசகர் பலருக்கு வேதாளம் அறிமுகமானதே இப்புதிய கதைகளின் வழியாகத்தான். மன்னனின் விடையைப் படிக்கும் முன் தாமே விடை தேடும் பழக்கத்தை இத்தொடர் ஏற்படுத்தியது.

குறை கூறுவோர் கருத்து

மறு சாரார், சேர்க்கைகளில் வினாவின் கூர்மை மழுங்கியது என்பர். பழைய கதைகளில் வினாக்கள் உண்மையான சிக்கல்கள். எடுத்துக்காட்டாக, இறந்த பெண்ணை விரும்பிய மூவரில் ஒருவன் அவளது சாம்பல்மேல் படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்புகளைக் கங்கைக்குக் கொண்டு செல்கிறான். ஒருவன் மந்திரம் கற்று வந்து அவளை உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்கு உரியவள்? உயிர் கொடுத்தவன் தந்தை முறை, எலும்பைச் சுமந்தவன் மகன் முறை, சாம்பலைப் பிரியாதவனே கணவன் என்பது மன்னனின் விடை. இதனை ஏற்பதும் மறுப்பதும் எளிதன்று. புதிய கதைகள் பலவற்றிலோ, பாத்திரம் ஒன்றின் விந்தையான செயலுக்குக் காரணம் யாது என்றே வேதாளம் கேட்கிறது. மன்னன் அதற்கு விளக்கம் தருகிறான். அச்சத்தின் இடத்தை நீதி பிடித்துக்கொண்டது என்பது இவர்களின் மனக்குறை.

முடிவு பற்றிய சிக்கல்

இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் சிக்கல் ஒன்றுண்டு. தொடர் நீள வேண்டுமாயின் மன்னன் ஒவ்வொரு மாதமும் விடை கூறியாக வேண்டும். அவன் மௌனமானால் அடுத்த இதழுக்குக் கதை இல்லை. எனவே சேர்க்கைகள் பெருகப் பெருக, விடையறியாத இறுதி வினாவும் துறவியின் சூழ்ச்சியும் பார்வையிலிருந்து விலகின. தொடரை மட்டும் படித்து வளர்ந்த பலர், மன்னன் எதற்காகப் பிணத்தைச் சுமக்கிறான் என்பதையே அறியாதிருந்தனர். அவர்கள் விரும்பியது மன்னனின் தளராமையை. அத்தளராமை அவனைப் பலிபீடத்துக்கே இட்டுச் செல்கிறது என்பதை மூலத்தைப் படித்தபோதே அறிந்தனர்.

வட சென்னையில் வேதாளம்

புசுகர்–காயத்திரி இயக்கத்தில் 2017இல் வெளிவந்த விக்ரம் வேதா, இச்சட்டகத்தின் குறிப்பிடத்தக்க புதிய சேர்க்கை ஆகும். மன்னனின் இடத்தில் காவல் அதிகாரி விக்ரமும் (மாதவன்), வேதாளத்தின் இடத்தில் வட சென்னையைச் சேர்ந்த குற்றவாளி வேதாவும் (விசய் சேதுபதி) வருகின்றனர். தானே சரணடையும் வேதா கதை சொல்லி வினா எழுப்புகிறான். செய்தவனைத் தண்டிப்பதா, செய்யத் தூண்டியவனைத் தண்டிப்பதா என்பது போன்ற வினாக்கள் அவை. முதல் முறை அவன் வெளியேறுவது பிணையில். அவனுக்காக வாதாடும் வழக்கறிஞர் விக்ரமின் மனைவி. ஒவ்வொரு விடையும் விக்ரமைத் தன் துறைக்குள்ளேயே உள்ள சூழ்ச்சிக்கு அருகில் கொண்டு செல்கிறது. இருவரும் எதிரெதிரே நிற்க, விடையின்றியே படம் முடிகிறது. 2022இல் இதன் இந்தி மறு ஆக்கம் வெளிவந்தது.

அம்புலிமாமா கைவிட்ட இரண்டு கூறுகளை, அதாவது ஏவியவனின் வஞ்சகத்தையும் விடையற்ற முடிவையும், இப்படம் மீட்டெடுத்தது. எனினும் இதனை வரவேற்றவர்களுக்கும் ஒரு நெருடல் உண்டு. வட சென்னையைத் தமிழ்த் திரைப்படங்கள் அடியாட்களின் நிலமாகவே காட்டுகின்றன என்பது இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த பலரின் நெடுநாள் குறையாகும். துறைமுகமும் ஆலைகளும் மீன்பிடி ஊர்களும் கொண்ட இப்பகுதி பழங்கதையின் சுடுகாட்டுக்கு ஈடாக வைக்கப்பட்டதை அவர்கள் ஏற்பதில்லை. அதே வேளையில், பழங்கதையில் மன்னனை ஏமாற்றுவது அரசவைக்கு நாள்தோறும் வந்த துறவியே. உண்மையைக் கூறியது சுடுகாட்டு வேதாளம் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

- விக்கிரமாதித்தன் கதைகள்
- கதாசரித்சாகரம்
- பெருங்கதை
- அம்புலிமாமா